பழியை யார் சுமப்பது?

(ஓய்வூதியர்களின் மாதக் கூட்டம் ஒன்றில், பணி ஓய்வுபெற்ற மயக்க மருந்து நிபுணர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுக்கு ஒரு முறை கருவூலத்துக்குப் போய், நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று நிரூபித்துவிட்டு வருகிறவர்கள் நாம். கைரேகை பதியவில்லை என்று விரலை வேட்டியில் துடைத்துத் துடைத்து வைத்தவர்களும் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். உயிரோடு இருப்பதற்கே இத்தனை காகிதம் தேவைப்படுகிற நாட்டில், சாவுக்கு முன்னால் எழுதிவைக்க வேண்டிய இன்னொரு காகிதத்தைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அழைப்பிதழில் தலைப்பை ‘முதுமையும் நலமும்’ என்று தலைவர் மாற்றிப் போட்டிருக்கிறார். தப்பில்லை. உள்ளபடி போட்டிருந்தால் பாதி நாற்காலி காலியாக இருந்திருக்கும்.

மயக்க டாக்டர் என்றால் ஆபரேஷன் தியேட்டரில் ஊசி போட்டுவிட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் வேலையில் பாதி ஐசியூவில்தான். மூச்சுத் திணறுகிறவருக்குத் தொண்டையில் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் சேர்ப்பது நாங்கள். அதனால் அந்தக் கருவியின் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. கட்டுவிரியன் கடித்து, கண் இமையைக்கூடத் தூக்க முடியாமல் தூக்கிவரப்பட்டவர்கள், சில நாள் வென்டிலேட்டரில் இருந்துவிட்டுத் தங்கள் காலால் நடந்து வீட்டுக்குப் போவதைப் பார்த்தவள் நான். இன்று பேச வந்தது அவர்களைப் பற்றி இல்லை.

ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். எண்பத்திரண்டு வயது. இரண்டு தடவை பக்கவாதம் வந்துவிட்டது. எட்டு மாதமாகப் படுக்கை. ஆள் அடையாளம் தெரிவதில்லை. இப்போது நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஐசியூ கதவைத் திறந்துகொண்டு டியூட்டி டாக்டர் வெளியே வருகிறார். “ஆக்சிஜன் நிக்கல. டியூப் போடணும். போடலாமா? கையெழுத்துப் போடுங்க.” வெளியே பெஞ்சில் மூத்த மகன். சின்னவன் தஞ்சாவூரிலிருந்து கிளம்பிவிட்டான். மகள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள். நடுவிலுள்ளவன் அமெரிக்காவில், செல்போனில் முகம் தெரிகிறது. “எல்லாத்தையும் பண்ணச் சொல்லுண்ணே, காசைப் பத்திக் கவலைப்படாதே” என்கிறான். அந்தப் பெரியவரோடு ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்திய அம்மா, பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். அவரை யாரும் கேட்பதில்லை.

மூத்தவன் கையெழுத்துப் போடுகிறான். ஏன் போட்டான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? அப்பா பிழைப்பார் என்று நம்பியா? இப்படிக் கையெழுத்துப் போட்ட பிள்ளைகள் பலர் பிற்பாடு என்னிடம் சொன்ன பதில் கிட்டத்தட்ட ஒன்றேதான். “எனக்கே தெரியும் டாக்டர், அவர் தாங்கமாட்டார்னு. வேணாம்னு சொல்லியிருந்தா, காசுக்குப் பார்த்து அப்பனைக் கொன்னுட்டான்னு காரியம் முடியறதுக்குள்ள பேசியிருப்பாங்க.”

அந்தக் கையெழுத்தைப் போட வைத்தது பழிக்குப் பயம். அமெரிக்காவில் இருப்பவனும் பழிக்குப் பயந்துதான் எல்லாத்தையும் பண்ணு என்கிறான். பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை என்கிற குறை அவனுக்கு. டியூட்டி டாக்டருக்கும் பயம். நாளைக்கே யாராவது நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனால்? ஊரில் நாலு பேர் வந்து கண்ணாடியை உடைத்தால்? ஆக, பயந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவு எடுக்கிறார்கள். அதை அனுபவிக்கப் போகிறவர் உள்ளே நினைவில்லாமல் கிடக்கிறார்.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டியது என் கடமை. குழாய் வாய்வழியே குரல்வளைக்குள் இறங்குகிறது. அது இருக்கும்வரை பேச முடியாது, விழுங்க முடியாது. அரை நினைவில் குழாயைப் பிடுங்கிவிடுவார்கள் என்று மணிக்கட்டைக் காஸ் துணியால் கட்டில் கம்பியில் கட்டியிருப்போம். சளி உறிஞ்ச மெல்லிய குழாயை உள்ளே விடும்போதெல்லாம் உடம்பு தூக்கிப்போடும். தூங்க மருந்து போகும். அது குறையும்போது கண்ணோரம் தண்ணீர் வரும். மூக்கில் ஒரு குழாய், மூத்திரத்துக்கு ஒரு குழாய், கழுத்து ரத்தக்குழாயில் ஒன்று. ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகிவிட்டால் வாய்க்குழாயை வைத்திருக்க முடியாது. கழுத்தில் துளை போட்டு அங்கே மாற்றச் சொல்வோம். அதற்கும் ஒரு கையெழுத்து. இத்தனையும், திரும்பி எழப் போகிற ஒருவருக்கு என்றால் நியாயம். ஒவ்வொன்றும் தாங்கத் தகுந்ததுதான்.

இதயம் நின்றால் நெஞ்சை அழுத்துவதையும் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். நாலு அழுத்து அழுத்தினால் கதாநாயகன் இருமிக்கொண்டு எழுந்துவிடுவான். திடீரென்று மாரடைப்பு வந்து விழுந்த ஐம்பது வயதுக்காரரை அது காப்பாற்றும்; அதற்காகவே அது வந்தது. உடம்பு முழுதும் ஓய்ந்துபோய் இதயம் கடைசியாக நிற்கிறபோது அழுத்தினால், வயதானவர்களுக்கு விலா எலும்புதான் முதலில் போகும். முறிகிறது கைக்குத் தெரியும்.

எங்கே நிறுத்துவது என்பதையும் நம் ஊரில் மருத்துவம் முடிவுசெய்வதில்லை. அடகுக் கடை முடிவுசெய்கிறது. காப்பீட்டுத் தொகை தீர்ந்து, நகையும் போய், இனி முடியாது என்ற நாள் வரும். அன்றைக்குத்தான் “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறோம்” என்பார்கள். மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம் என்று மருத்துவமனையில் ஒரு படிவத்தில் எழுதி வாங்கிக்கொள்வார்கள். வாயில் குழாயோடு ஆம்புலன்ஸ் கிளம்பும். கூட வருகிற பையன் வழியெல்லாம், மூச்சுக்காற்றைச் செலுத்தும் ‘ஆம்பு’ பையைக் கையால் அமுக்கிக்கொண்டு வருவான். ஹாலில் கட்டில் போட்டிருக்கும். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு சொட்டுப் பால் விடுவார்கள். பிறகு அந்தப் பையன் குழாயை எடுத்துவிட்டு, ஆம்புலன்ஸ் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவான். வலிக்கோ மூச்சுத் திணறலுக்கோ ஒரு மருந்து கிடையாது. பக்கத்தில் டாக்டர் கிடையாது. சிலருக்கு அடங்க அரை மணி ஆகும், சிலருக்கு ராத்திரி முழுக்க ஆகும். நமக்கெல்லாம் தெரிந்து, யாரும் பேசாமல், தினமும் நடக்கிற காரியம் இது. உயிர் காக்கும் சிகிச்சையை நிறுத்தலாமா என்று நாடெல்லாம் விவாதம் நடந்துகொண்டிருக்கும்போது, ஆம்புலன்ஸ் டிரைவர்கள் அதை நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு ஒரு வழியைத்தான் உச்ச நீதிமன்றம் திறந்துவைத்தது. வந்த பாதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நர்ஸாக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் அதே மருத்துவமனை ஊழியன் ஒருவனால் தாக்கப்பட்டு மூளை சேதமடைந்து, 41 ஆண்டுக்கு மேல் படுக்கையில் கிடந்து 2015 மே மாதம் இறந்தார். அவருக்கு உணவு செலுத்துவதை நிறுத்தும்படி எழுத்தாளர் பிங்கி விரானி வழக்குப் போட்டார். 2011 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. உயிர் காக்கும் சிகிச்சையை நிறுத்துவதை உயர் நீதிமன்ற அனுமதியோடு ஏற்கலாம் என்று முதன்முதலாகச் சொன்ன தீர்ப்பு அதுதான். ஆனால் அருணா விஷயத்தில் கோரிக்கை தள்ளுபடியானது. அவருக்காகப் பேசும் உரிமை விரானிக்கு இல்லை, அத்தனை வருஷம் முதுகுப்புண் வராமல் பார்த்துக்கொண்ட கே.இ.எம். ஊழியர்களுக்குத்தான் என்றது நீதிமன்றம். அவர்கள் நிறுத்தக் கூடாது என்றார்கள். யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்கு இன்றுவரை தெளிவான கருத்துக் கிடையாது. அருணா என்ன நினைத்திருப்பார் என்பது எவருக்கும் தெரியவில்லை. நீதிமன்றத்தின் வேலை, அவருக்காகப் பேசத் தகுந்தவர் யார் என்று தேடுவதாகப் போயிற்று.

அமெரிக்காவிலும் இதே முட்டுச்சந்துதான். மிசூரி மாநிலத்தில் நான்சி க்ரூசன் என்ற பெண் 1983-ல் கார் விபத்தில் நினைவிழந்தார். உணவுக் குழாயை எடுக்கச் சொல்லிப் பெற்றோர் கேட்டபோது, அவருடைய விருப்பம் அதுதான் என்பதற்குத் தெளிவான சான்று கொண்டுவாருங்கள் என்று அந்த மாநிலம் கேட்டது. அப்படிக் கேட்கலாம் என்று 1990-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பிறகு பழைய தோழிகள் வந்து, அவர் பேச்சுவாக்கில் சொன்னதை நினைவுபடுத்திச் சாட்சி சொன்ன பிறகே குழாயை எடுக்க முடிந்தது. இருபத்தைந்து வயதில் யார் காகிதம் எழுதிவைக்கிறார்கள்? நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

நம் நாட்டில், எச்.டி. ஷௌரி தொடங்கிய ‘காமன் காஸ்’ என்ற பொதுநல அமைப்பு 2005-ல் தொடுத்த வழக்கில், 2018 மார்ச் 9 அன்று தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். கண்ணியத்தோடு வாழும் உரிமைக்குள் கண்ணியத்தோடு இறப்பதும் அடக்கம், சுய நினைவோடு இருக்கும்போதே ஒருவர் தன் விருப்பத்தை எழுதிவைக்கலாம், அது செல்லும். நல்ல தீர்ப்பு. நடைமுறைதான் விளங்கவில்லை. ஆவணத்தில் மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட வேண்டும். நிறைவேற்றும்போது மருத்துவமனைக் குழு, பிறகு கலெக்டர் அமைக்கிற குழு, பிறகு மாஜிஸ்திரேட் நேரில் வந்து நோயாளியைப் பார்க்க வேண்டும். இவ்வளவும் முடிகிறவரை எந்த நோயாளி காத்திருப்பார்? நீதிமன்றத்துக்கே அது புரிந்து, 2023 ஜனவரி 24 அன்று விதிகளைத் தளர்த்தியது. இன்று நமக்குக் கையில் இருப்பது அந்தத் தளர்த்திய விதிகள். நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றும்வரை இவையே சட்டம்.

முறை எளிது. பதினெட்டு வயது நிரம்பி, தெளிந்த மனத்தோடு இருக்கும் எவரும், யார் வற்புறுத்தலும் இல்லாமல் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிகள் சொந்தக்காரர்களாக இல்லாதிருப்பது நல்லது. பிறகு நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றொப்பமிட வேண்டும். இந்த அறையிலேயே பச்சை மையில் ஆயிரக்கணக்கான நகல்களுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்; இப்போது பணியில் இருக்கிற ஒருவரைத் தேடிப் போக வேண்டும், அவ்வளவுதான். முத்திரைத்தாளில்தான் எழுத வேண்டும் என்று தீர்ப்பு சொல்லவில்லை. நோட்டரி கேட்டால் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். நகலை நீங்கள் பெயர் குறிப்பிடுகிற ஆட்களுக்கும், குடும்ப டாக்டர் இருந்தால் அவருக்கும், ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி எதுவோ அங்கே இதற்கென இருக்க வேண்டிய அலுவலருக்கும் கொடுக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன அலுவலர் பல ஊரில் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறார். கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். மனுக் கொடுத்துப் பழக்கப்பட்டவர்கள்தானே நாம்.

நிறைவேற்றுகிற கட்டத்தில், சிகிச்சை தருகிற மருத்துவரோடு அந்தத் துறையில் ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்கள் சேர்ந்து முதல் குழுவாகப் பார்ப்பார்கள். அவர்கள் சம்மதித்தால், மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவரும் வேறு இரண்டு நிபுணர்களும் கொண்ட இரண்டாவது குழு பார்க்கும். ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். நீங்கள் பெயர் குறித்தவர்களின் சம்மதமும் வேண்டும். அதன்பின் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தெரிவித்துவிட்டுச் சிகிச்சையை நிறுத்தலாம். குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். நீங்கள் நினைவோடு பேசிக்கொண்டிருக்கும்வரை இந்தக் காகிதம் வேலை செய்யாது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது உங்கள் வாய்ச்சொல்லே போதும். எந்தச் சிகிச்சையையும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இந்த இடத்தில் எப்போதும் ஒருவர் எழுந்து, “டாக்டர், இது தலைக்கூத்தலுக்குச் சட்டம் போட்டுக் கொடுப்பதாகாதா?” என்று கேட்பார். நல்ல கேள்விதான். தென் மாவட்டங்களில் சில இடங்களில், படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் தலைக்கு ஊற்றி, இளநீரைக் கொடுத்து முடித்துவிடுகிற வழக்கம் இருந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை. அது கொலை. அங்கே கிழவரை யாரும் கேட்பதில்லை. சுற்றி இருப்பவர்கள் முடிவுசெய்கிறார்கள். அதனால்தான் இந்தக் காகிதம் அதற்கு நேர் எதிர் என்கிறேன். இங்கே எழுதுகிறவர் நீங்கள். அதுவும் மற்றவர் கை ஓங்குவதற்கு முன்னால். சொத்துக்காகப் பிள்ளை அவசரப்படுவானோ என்கிற சந்தேகத்துக்குத்தான் இரண்டு குழு, வெளி டாக்டர், மாஜிஸ்திரேட் என்று வைத்திருக்கிறார்கள். மேலும், ஊசி போட்டுச் சாகடிப்பதை இந்தத் தீர்ப்பு அனுமதிக்கவே இல்லை. தானாக வருகிற சாவைத் தள்ளிப்போடுவதை மட்டுமே நிறுத்தலாம்.

மூளைச்சாவும் வேறு விஷயம். 2008-ல் மூளைச்சாவடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைப் பெற்றோர் தானம் செய்தார்களே, அது 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நடந்தது. மூளைச்சாவு என்று சான்றளித்துவிட்டால் ஆள் இறந்துவிட்டார் என்றே பொருள். நாம் பேசுவது உயிரோடு இருப்பவரைப் பற்றி.

இனி என்ன எழுதுவது என்பதற்கு வருகிறேன். இதில்தான் பெரும்பாலோர் சொதப்புகிறார்கள். “எனக்கு எந்த மிஷினும் வைக்கக் கூடாது” என்று ஒரு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவருகிறார்கள். தோட்டத்தில் பாம்பு கடித்தால் என்ன செய்வது? நிமோனியா வந்து நாலு நாள் வென்டிலேட்டரில் இருந்தால் சரியாகிவிடும் என்கிற நிலை வந்தால்? மிஷின் பெயரைச் சொல்லி வேண்டாம் என்று எழுதாதீர்கள். உங்கள் நிலைமை இன்னதாக இருந்தால் என்று எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று படிக்கிறேன்.

“குணப்படுத்த முடியாத நோய் முற்றியோ, மூளை பெரிதும் சேதமடைந்தோ, என் வீட்டாரை அடையாளம் கண்டு பேசும் நிலைக்கு நான் திரும்ப வாய்ப்பில்லை என்று மருத்துவர்கள் முடிவுசெய்தால், இதயம் நின்றபின் நெஞ்சை அழுத்தி மீட்கும் முயற்சி எனக்கு வேண்டாம். வென்டிலேட்டர், டயாலிசிஸ் தொடங்க வேண்டாம். முன்பே தொடங்கியிருந்தால் நிறுத்திவிடலாம். மூக்குக் குழாய் வழியே உணவு செலுத்த வேண்டாம். வலி, மூச்சுத் திணறல், பதற்றம் ஆகியவற்றுக்குத் தேவையான மருந்தைத் தேவையான அளவு தர வேண்டும். அதனால் நான் தூக்கத்திலேயே இருக்க நேர்ந்தாலும் சரி. இதன் விளைவை அறிந்தே எழுதுகிறேன். எப்போது வேண்டுமானாலும் இதை நான் ரத்துசெய்யலாம்.”

முடிவு தெரியாத நிலைமை ஒன்றும் உண்டு. பிழைப்பாரா மாட்டாரா என்று டாக்டருக்கே சொல்ல முடியாது. அதற்கு, “ஒரு வாரம் சிகிச்சை தந்து பாருங்கள், முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்துங்கள்” என்று சேர்த்து எழுதலாம். டாக்டர்களுக்கு இந்த வரி மிகவும் உதவும்.

மூக்குக் குழாய் வரியைப் படித்தபோது முன்வரிசையில் இரண்டு பேர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். நெஞ்சை அழுத்த வேண்டாம் என்பதை ஏற்றுக்கொள்கிறவர்கள்கூட இங்கே நின்றுவிடுவார்கள். பெற்றவரைப் பட்டினி போடுவதா? நம் வீட்டில் அன்பைச் சாப்பாட்டால்தான் காட்டுகிறோம், உடம்பு சரியில்லை என்றால் முதல் கேள்வியே “ஏதாவது சாப்பிட்டீங்களா?” என்பதுதான். இதை மருத்துவர்களும் பல வீடுகளில் சரியாக விளக்குவதில்லை. நோய் முற்றிக் கடைசி நாட்களில் இருக்கும் உடம்புக்குப் பசி எடுப்பது நின்றுபோகும். சாப்பிடாததால் சாவு வருவதில்லை. சாவு நெருங்குவதால் சாப்பிடுவது நிற்கிறது. அப்போது குழாயில் பால் கஞ்சியை விட்டால் அது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம், உடம்பு நீர் கோத்து வீங்கலாம், சளி கூடலாம். வாய் வறளாமல் ஈரத் துணியால் துடைப்பது, உதட்டில் வெண்ணெய் தடவுவது, விழுங்க முடிகிறவரை அரை ஸ்பூன் காபியை நாக்கில் விடுவது, இவையும் ஊட்டுவதுதான். நான் பார்த்தவரை, குழாயை விட இவற்றைத்தான் நோயாளியின் முகம் ஏற்றுக்கொள்ளும். இந்த ஒரு வரிக்காகவே பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்குங்கள். நீங்களே உங்கள் வாயால் சொல்லாவிட்டால், எழுதியிருந்தாலும் அவர்களுக்குக் கை வராது.

யார் பெயரை எழுதுவது? நம் வழக்கப்படி கொள்ளி வைக்கப் போகிறவன் பெயரை எழுதத் தோன்றும். தேவையில்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் போன் எடுக்கிறவர், ஒரு பஸ் பிடித்து வந்து சேரக்கூடியவர், சித்தப்பா சத்தம் போட்டாலும் அசையாதவர் யாரோ அவரை எழுதுங்கள். பல வீடுகளில் அது மகளாக இருக்கும்; சில வீடுகளில் மருமகள். நான் பார்த்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை, மூன்று மகன்களை விட்டுவிட்டுத் தன் தங்கை மகள் பெயரை எழுதினார். மகன்களுக்கு வருத்தம்தான். “உங்களுக்கு என் மேல் பாசம் ஜாஸ்தி, அதனால் உங்களால் முடியாது” என்று நேரிலேயே சொல்லிவிட்டார். ஒருவர் கிடைக்காமல் போனால் என்று இரண்டாவது பெயரும் எழுதுங்கள். கணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் மனைவி பெயரை எழுத்தில் போடாவிட்டால், ஐசியூ வாசலில் உங்கள் அண்ணன் தம்பிகள் பேசுவார்கள். அவர் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சொத்து உயிலோடு இதைச் சேர்த்து எழுதாதீர்கள். அது நீங்கள் போன பிறகு பிரிப்பது. இது நீங்கள் இருக்கும்போதே படிக்க வேண்டியது. பேங்க் லாக்கரில் வைக்கவே வைக்காதீர்கள். மாத்திரைச் சீட்டு, பழைய ஸ்கேன், காப்பீட்டு அட்டை எல்லாம் வைத்திருக்கிற அந்த மஞ்சள் பை இருக்கிறதே, ஆஸ்பத்திரி என்றால் எல்லோரும் முதலில் தூக்குகிற பை, அதில் மேலே வையுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோவும் போடுங்கள். காலை வணக்கப் பூக்களுக்கு நடுவில் அதுவும் கிடக்கட்டும், கையில் இருக்கும். மனம் மாறினால் ரத்துசெய்கிறேன் என்று எழுத்தில் எழுதினால் போதும். இரண்டு ஆவணம் இருந்தால் கடைசியாகக் கையெழுத்துப் போட்டது செல்லும். ஆண்டுதோறும் கருவூலத்துக்கு நேர்காணலுக்குப் போகிற மாதத்தில் இதையும் ஒரு தடவை எடுத்துப் படித்துப் பாருங்கள். அறுபத்தைந்து வயதில் வேண்டாம் என்று எழுதியது எண்பதில் வேண்டும் என்று தோன்றலாம். அதுவும் உங்கள் உரிமை. எல்லாவற்றையும் செய்யுங்கள், கடைசி மூச்சுவரை விடாதீர்கள் என்று எழுதினாலும் அது உங்கள் விருப்பம். அதைத் தெரிந்துகொள்வதும் பிள்ளைகளுக்கு நிம்மதி.

மருத்துவமனைகள் தயாரா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. குழு அமைத்து வைத்திருக்கிற மருத்துவமனைகள் குறைவு. கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இந்தத் தீர்ப்பைச் செயல்படுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. கோவாவில் 2024-ல் உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ். சோனக் தாமே முன்வந்து தன் ஆவணத்தைப் பதிந்தார். மத்திய சுகாதார அமைச்சகம் 2024-ல் ஒரு வரைவு விட்டபோது, பொறுப்பெல்லாம் எங்கள் தலையில் விழுகிறதே என்று மருத்துவர் சங்கமே எதிர்த்தது. ஆகவே இரண்டு குழுவும் கூடி, எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் இந்தக் காகிதத்தின் பலன் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. முதல் ராத்திரி, டியூட்டி டாக்டர் வெளியே வந்து கேட்கும்போது, மூத்தவன் பையிலிருந்து எடுத்துக் காட்டி, “அப்பா இப்படி எழுதிவைத்திருக்கிறார்” என்று சொன்னாலே பேச்சு மாறிவிடும். கழுத்தில் துளை போடலாமா என்பதற்குப் பதில், வலியில்லாமல் வைத்திருக்க என்ன செய்யலாம் என்று பேசுவார்கள். அமெரிக்காவில் இருப்பவனும் அண்ணனைத் திட்ட முடியாது. அப்பாவைத்தான் திட்ட வேண்டும். திட்டட்டும். அந்தப் பழியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் வந்தேன். பிள்ளைகளுக்கு எவ்வளவோ செய்தோம். நமக்கு இதில் இழப்பு ஒன்றுமில்லை, காதில் விழவும் போவதில்லை.

சிகிச்சையை நிறுத்துவது என்றால் கைவிடுவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வலி நிவாரணச் சிகிச்சை என்று தனித் துறையே இருக்கிறது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே வந்து பார்க்கிற ஏற்பாடு உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மார்பின் என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். போதை மருந்துச் சட்டக் கெடுபிடியில் முன்பு கிடைப்பதே அரிதாக இருந்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு நிலைமை கொஞ்சம் தேவலை. அளவறிந்து கொடுத்தால் வலியையும் மூச்சுத் திணறலையும் அடக்குகிற மருந்து அது.

நான் படித்த மாதிரிப் படிவம் பின்னால் மேசையில் இருக்கிறது. இங்கேயே கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பேசி நிரப்புங்கள். கணவன் மனைவிக்குத் தனித்தனிப் படிவம். இரண்டு பேர் விருப்பமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எழுத வராதவர்கள் பிறரைக் கொண்டு எழுதி, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, நோட்டரி முன்னால் ரேகை வைக்கலாம். சாட்சிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போதும். கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள். வீட்டைப் பிள்ளைக்கு எழுதுவதா பெண்ணுக்கு எழுதுவதா என்பதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்; அதற்கு அடுத்த மாதம் வக்கீல் வருகிறார்.